ஒரு பீடி நேரம்

சங்கையா எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்வார். நிறுத்த மாட்டார். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருக்கிற மனிதர், பழுது பார்த்து முடித்து, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டுவிட்டு, "யாராச்சும் வந்து நிப்பாட்டுங்கலே" என்று கூப்பிடுவார். யாரும் வராவிட்டால் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். யாராவது வந்து நிறுத்திய பிறகும் நகர மாட்டார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, சூடு ஆறுகிறவரை நின்று, "நின்னுருச்சா?" என்று கேட்பார். புதிதாக வந்த டிரைவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காரணம் நாலு வருஷம் என் ஸ்டோரில், மூன்றாவது ரேக்கில், சாக்குத் துணி சுற்றிக் கிடந்தது.

நான் அங்கே ஸ்டோர்கீப்பர். சூரியநெல்லிக்கு மேலே இருக்கிற எஸ்டேட், பெயர் வேண்டாம். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று தொழிலாளர் லயத்தில் சொல்வார்கள், சரிதான். சாமி, தீட்டு, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் இதில் எனக்கு யார் மேலும் வராத கோபம் என் மேல்தான் வருகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சங்கையாவின் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். அவருடைய அப்பா கொழுந்து சுமந்தவர். சங்கையா இரும்பு பக்கம் போனார். நடுவில் மூன்று வருஷம் இடுக்கி அணை வேலையில், மண் தள்ளும் பெரிய இயந்திரங்களுக்கு மெக்கானிக்காக இருந்தார். எழுபத்திரண்டில் திரும்பி வரும்போது துணிமூட்டையோடு ஒரு இரும்புச் சாமானும் கொண்டுவந்தார். பார்க்க ஒரு பெரிய நத்தை சுருண்டு படுத்திருப்பதுபோல் இருக்கும். கழித்துப் போட்ட இயந்திரத்திலிருந்து கேட்டு வாங்கியது என்றார். டர்போ என்று அவர் சொன்னது யார் வாயிலும் நிற்கவில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் நத்தை என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

எங்கள் கொழுந்து லாரிக்கு அப்போது மலை ஏறத் தெம்பில்லை. இந்த உயரத்தில் காற்று மெலிசு. கீழே பாய்கிற இன்ஜின் இங்கே வந்ததும் கறுப்பாகப் புகைவிட்டு இருமும். அடிவாரத் தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் பன்னிரண்டு வளைவு. கடைசி மூன்று வளைவில் பெண்களை இறக்கிவிட்டுவிடுவார்கள். மழையில், அட்டைக்கடியில், அவர்கள் பறித்த கொழுந்து லாரியில் போகும், அவர்கள் பின்னால் நடப்பார்கள்.

நத்தை செய்கிற வேலையை சங்கையா எனக்கு ஒரே மூச்சில் விளக்கினார். இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையே அதற்குள் ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் மறுமுனையில் இருக்கிற சக்கரம் காற்றை இழுத்து அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசலையும் கூட்டலாம், பலம் கூடும். "பலத்தைக் கூட்டுறது பெரிய காரியமில்ல. ஸ்க்ரூவைத் திருகுனா கூடிரும். எங்க நிப்பாட்டணும்ங்கதுதான் வேலை" என்றார்.

அந்த வேலையை அவர் செய்ததைப் பார்க்கவேண்டும். பிஸ்டனுக்கு மேலே இடம் கொஞ்சம் கூடட்டும் என்று செம்புத் தகட்டில் தடிப்பான கேஸ்கெட் வெட்டினார். நத்தைக்கென்று தனியாக ஆயில் பைப் இழுத்தார். சூடு பார்க்க மீட்டர் கிடையாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். புகைக்குழாயின் கழுத்தில் ஒரு துளை போட்டு அதில் ஒரு துத்தநாகக் கம்பியும் ஒரு அலுமினியக் கம்பியும் சொருகிவிட்டு, முழுப் பாரம் ஏற்றிப் பன்னிரண்டு வளைவும் ஏறச் சொல்வார். மேலே வந்ததும் உருவிப் பார்ப்பார். துத்தநாகம் உருகலாம், அலுமினியம் உருகக்கூடாது. முதல் நாள் இரண்டும் உருகிப் போயிருந்தன. டீசல் பம்பின் ஸ்க்ரூவைக் கால் சுற்றுப் பின்னால் எடுத்தார். மறுநாள் அலுமினியம் வளைந்திருந்தது. இன்னும் அரைக்கால் சுற்று. மூன்றாம் நாள் கம்பி நேராக நின்றது. அதற்கும் மேல் ஒரு நூல் குறைத்து, ஸ்க்ரூவுக்குக் கம்பி கட்டி ஈயத்தில் முத்திரை வைத்தார். மேனேஜர் துரை வந்து இன்னும் கொஞ்சம் கூட்டலாமே என்று கேட்டபோது, "ஆள் ஏறுத வண்டி சார்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

டிரைவர் பொன்ராஜ் சங்கையாவின் லயத்திலேயே மூன்று வீடு தள்ளி இருந்தவன். முப்பது வயது, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, சங்கையா சொன்னால் அதுதான் வேதம். சங்கையா அவனை உட்காரவைத்து ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏற்றம் ஏறி வரும்போது நத்தை பழுக்கக் காய்ந்திருக்கும். தண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலும். அதைத் தாங்குவது ஆயில்தான். அந்த நேரத்தில் பட்டென்று இன்ஜினை நிறுத்தினால் ஆயில் வருவது நின்றுபோகும், உள்ளே தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். "அதனால ஏறி முடிச்சதும் ஒரு பீடி நேரம் சும்மா ஓடவிடு. பொறவு நிப்பாட்டு."

பொன்ராஜுக்குப் பீடிப் பழக்கமும் கிடையாது. அதற்காகவே ஒரு கட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தொழிற்சாலை வாசலில் வந்து நின்றதும் ஒன்றைப் பற்றவைத்து ஜன்னல் ஓரத்தில் வைப்பான். ஊதமாட்டான். அது தானாகப் புகைந்து முடிந்ததும் இன்ஜினை நிறுத்துவான். பெண்கள் கேலி செய்தார்கள். "சாமிக்குப் பத்தி வைக்காவ" என்றார்கள்.

சாமி என்றதும்தான் விஷயத்துக்கு வரவேண்டும். பன்னிரண்டாவது வளைவின் உச்சியில் ஒரு மாடசாமி உண்டு. ஒரு கல், ஒரு சூலம், சுண்ணாம்பு அடித்த ஒரு பீடம். எங்கள் ஆட்கள் அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்த சாமி. ஏற்றம் ஏறி வருகிற எந்த வண்டியும் அங்கே நிற்கும். டிரைவர் இறங்கி, கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் சுற்றிவிட்டுத்தான் மேலே போவான். அந்த நேரத்தில் இன்ஜின் ஓடக்கூடாது. சாமிக்கு முன்னால் இரைச்சல் ஆகாது. இது யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை.

கம்பி நேராக நின்ற அந்த மூன்றாம் நாள் நானும் லாரியில் இருந்தேன். பாரத்தைச் சரிபார்க்க என்னைக் கூட்டிப்போயிருந்தார்கள். பன்னிரண்டாவது வளைவில், பெண்கள் எல்லோரும் மேலேயே உட்கார்ந்திருக்க, இரண்டாவது கியரிலேயே ஊதிக்கொண்டு ஏறினோம். நத்தையிலிருந்து மெல்லிசாக ஒரு விசில் வரும், காதுக்குள் ஊசி விடுவதுபோல. மாடசாமி முன்னால் லாரி நின்றது. பொன்ராஜ் சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தான்.

"அண்ணாச்சி, பத்த வைக்கட்டுமா?"

சங்கையா பீடத்தைப் பார்த்தார். பீடியைப் பார்த்தார். ஒரு நொடிதான். அவர் கையிலும் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது, வேலை நல்லபடியாக முடிந்ததற்கு.

"சாமி முன்னாலயா? நிப்பாட்டுலே" என்றார்.

பொன்ராஜ் ஸ்டாப்பரை இழுத்தான். இன்ஜின் நின்றது. விசில் மட்டும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போய் நின்றது. சங்கையாவின் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். பிறகு கற்பூரம் கொளுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் காவல் வைத்த மனிதர், சாமி இருக்கிற இடத்தில் எதற்குக் காவல் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து பத்து மாதம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நத்தை பழுக்கக் காய்ந்திருக்கிற அதே இடத்தில் பொன்ராஜ் இன்ஜினை நிறுத்தினான்.

எழுபத்துமூன்று நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. லாரி மாடசாமி முன்னால் வந்து நின்றது. பொன்ராஜ் ஸ்டாப்பரை இழுத்தான். இன்ஜின் நிற்கவில்லை. இழுத்தான், மறுபடியும் இழுத்தான். சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை எழும்பி வளைவையே மறைத்தது. அவன் பெண்களைக் கத்தி இறக்கினான். பதினாலு பேர், எல்லோரும் இறங்கினார்கள். அவனும் இறங்கி ஓடியிருக்கலாம். கல்லை எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி, டீசல் பைப்பையே பிடுங்கி எறிந்தான். டீசல் தரையில் ஓடியது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் வேகமாக, அலறிக்கொண்டு.

அந்த அலறல் அரை மைல் தள்ளி ஒர்க்‌ஷாப்பில் கேட்டது. சங்கையா ஓடினார். வழி நெடுக "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்திக்கொண்டே ஓடினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் வளைவுக்கு வந்தபோது பொன்ராஜ் கொழுந்துச் சாக்கை நத்தையின் வாயில் திணித்துக்கொண்டிருந்தான். காற்று இல்லாவிட்டால் எதுவும் ஓடாது, சரியான காரியம்தான். ஆனால் அந்த வேகத்தை ரேடியேட்டர் பேன் தாங்கவில்லை. இறக்கை ஒன்று முறிந்து பறந்தது. பொன்ராஜ் விழுந்த பிறகும் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத்தான் நின்றது.

டீசல் இல்லாமல் ஓடிய இன்ஜினைப் பதினாலு பெண்கள் பார்த்துவிட்டார்கள். அதுவும் மாடசாமியின் வாசலில். சாமி இன்ஜினுக்குள் ஏறிவிட்டது என்று அன்று மத்தியானத்துக்குள் எல்லா லயத்திலும் பேச்சு. ஏன் ஏறியது என்ற கேள்விக்குத்தான் விடை வேண்டியிருந்தது. அதைப் பொன்ராஜின் மனைவி சந்தனமே கொடுத்தாள். பிணத்தை எடுப்பதற்கு முன்னால், எல்லோர் முன்னாலும், "நான் வீட்டுக்குத் தூரமா இருந்தேன். மறந்து போயி கற்பூரத்தையும் பழத்தையும் எங்கையால அவுகளுக்கு எடுத்துக் குடுத்துட்டேன்" என்றாள். பொன்ராஜின் அம்மா ராமுத்தாய், "எம் மவனை நீதாண்டி கொன்ன" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வேறு விடையை யாரும் தேடவில்லை.

எஸ்டேட் நடத்திய விசாரணையில் பேன் இறக்கை முறிந்தது என்று எழுதினார்கள். பொய்யில்லை. மூன்றாம் நாள் சங்கையா நத்தையைக் கழற்றி, என் ஸ்டோருக்கு எடுத்துவந்து, கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தார். உள்ளே பேரிங் இருக்கவேண்டிய இடத்தில் கரி. தண்டு தேய்ந்து நீலம் பாரித்திருந்தது. தண்டு ஆடி, ஆயிலைத் தடுக்கிற அடைப்பு உடைந்து, இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சிக் குடித்து ஓடியிருக்கிறது. அதனால்தான் டீசலைப் பிடுங்கியும் நிற்கவில்லை.

"நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்" என்றார். "சந்தனத்துகிட்டச் சொல்லணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாயைப் பொத்திக்கிட்டு இரும். கம்பெனி அனுமதி இல்லாம மாட்டின சாமான்னு துரை கையை விரிச்சிருவார். வேலை போவும், லயத்து வீடு போவும். செத்தவன் திரும்பியா வரப்போறான்?" தீட்டைக் கேட்டால் எழுந்து போகிற நான்தான் இப்படிச் சொன்னேன். சாக்குத் துணியில் சுற்றி மூன்றாவது ரேக்கில் வைத்ததும் நான்தான்.

அதற்குப் பிறகுதான் சங்கையா இன்ஜின்களை நிறுத்துவதை நிறுத்தினார். பட்டப்பகலில், வேலை நடுவில், சட்டென்று தலையைத் தூக்குவார். "ஏதோ ஊதுதே" என்பார். மலையில் காற்று எப்போதும் எதையாவது ஊதிக்கொண்டுதான் இருக்கும். அதைச் சொல்வேன். கேட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, நம்ம நத்தை" என்பார். ரேக்கைப் பார்க்கமாட்டார். எனக்கும் சில நாள் கேட்டது, இதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. சாக்கு அவிழாமல் அப்படியே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

சந்தனத்துக்குக் கொழுந்து பறிக்கிற வேலை தொடர்ந்தது. கொடை விழாவில் முளைப்பாரி எடுக்க அவளைச் சேர்க்கவில்லை. மாடசாமியின் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்றார்கள். தீட்டுக் கழிய அவளே ஒரு வழி வைத்துக்கொண்டாள். சாமிக்கு உகந்தது வெள்ளி, எஸ்டேட்டில் லீவு ஞாயிறு. சாமி அனுசரித்துக்கொண்டார். ஞாயிறு விடிந்ததும் வளைவுக்குக் கீழே ஓடையில் கட்டின சேலையோடு முங்கி, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏறி, பீடத்துக்குப் பதினைந்து அடி தள்ளி நின்று தரையில் ஊற்றுவாள். இங்கே டிசம்பர் ஜனவரியில் புல் மேல் பனி உறைந்து வெள்ளையாக இருக்கும். அப்போதும் முங்கினாள். ஒரு வாரம் விடவில்லை.

நாலாவது வருஷம் அவள் இருமத் தொடங்கினாள். எழுபத்தேழு மழைக்காலத்துக்குப் பிறகு கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவாள். எஸ்டேட் டாக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, இன்னொரு பனிக்காலம் அந்த ஓடையில் முங்கினால் ஆள் தங்கமாட்டாள் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவள் கேட்கவில்லை. "இன்னும் கழியல" என்றாளாம். இதை என்னிடம் வந்து சொன்னது ராமுத்தாய். கொன்றவள் என்று சொன்ன வாய்தான், "நான் சொன்னாலும் கேக்க மாட்டங்கா சார்" என்று அழுதது.

டிசம்பர் முதல் ஞாயிறு காலை சங்கையா என் வீட்டு வாசலில் ஒர்க்‌ஷாப் ஜீப்போடு நின்றார். "ரேக்குல உள்ளதை எடும்" என்றார். உள்ளே போய்ச் சாவியை எடுத்தேன். ஸ்டோரைத் திறந்து எடுத்துக்கொண்டு ஏறினேன். என் மடியில் அது கனத்தது.

மாடசாமி வளைவில் ஜீப் நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சந்தனம் ஓடையிலிருந்து ஏறி வந்தாள். சேலை உடம்போடு ஒட்டி, உதடு நீலமாகி, குடம் இடுப்பில் ஆட.

"ஊத்தாத சந்தனம்" என்றார் சங்கையா.

"தள்ளுங்க அண்ணாச்சி. ஈரம் காயறதுக்குள்ள ஊத்தணும்."

"உம்மேல தீட்டு இல்லம்மா. கற்பூரத்துல ஒண்ணும் இல்ல. இதுல இருக்கு." சாக்கைப் பிரித்துத் தண்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். ஆயில், சூடு, கரி, எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு விளக்கியதுபோல் ஒரே மூச்சில் அல்ல. நிறுத்தி நிறுத்தி.

அவள் குடத்தை இறக்காமலே கேட்டாள். "தெனம் ரெண்டு தடவ இங்ஙன நிப்பாட்டுனாகளே, அதுலயா கருகுச்சு?"

"ஆமா."

"பீடி நேரம் விட்டிருந்தா?"

"கருகியிருக்காது."

"நீங்க சொன்னா அட்சரம் பெசகாம கேப்பாகளே. அந்தப் பீடிக்கட்டு இன்னும் வீட்ல கெடக்கு. பொறவு ஏன் நிப்பாட்டுனாக?"

சங்கையா பீடத்தைப் பார்த்தார். "நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன். இதே எடத்துல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இருமினாள். நெடுநேரம் இருமினாள். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அவன் போன மூணாம் நாளு."

"மூணாம் நாளா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஸ்டோர் சார், உங்களுக்கு?"

"எனக்கும் அன்னைக்கேதான்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதில்லை.

அவள் ஜீப்புக்குப் போனாள். உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருகினாள். இன்ஜின் நின்றது. வளைவில் ஒரு சத்தமும் இல்லை. "நின்னுருச்சு" என்றாள் சங்கையாவிடம். குடத்துத் தண்ணீரை ரோட்டோரம் கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தை அவர் காலடியில் வைத்தாள்.

"நாலு வருசம் நான் குளிச்சேன் அண்ணாச்சி. இனி நீங்க குளிங்க."

இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் இருவரோடும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சங்கையா அன்றைக்கே லயத்தில் எல்லோரிடமும் சொன்னார், துரையிடமும் சொன்னார். துரை, உன்னை விட்டால் இங்கே இன்ஜின் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று அனுப்பிவிட்டார். வேலையும் போகவில்லை, வீடும் போகவில்லை. நாங்கள் நாலு வருஷம் பயந்தது நடக்கவே இல்லை. ராமுத்தாய் மருமகள் கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அதற்கு மேல் அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. சந்தனத்தின் இருமல் மருந்தில் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

ஞாயிறு விடிந்ததும் சங்கையா குடத்தோடு ஓடைக்குப் போவார். இரண்டு வருஷமாகப் போகிறார். ஐம்பதை நெருங்குகிற உடம்பு, பல் கிட்டி நடுங்கிக்கொண்டு ஏறி, பீடத்துக்குப் பதினைந்து அடி தள்ளி நின்று ஊற்றுவார். இதெல்லாம் மூடத்தனம் என்று ஒரு தடவை அவரிடம் கத்தினேன். "ஆமாவே" என்றார். "ஆனா அவ குளிச்சாள்லா."

போன சனிக்கிழமை அவருக்குக் கடுங்காய்ச்சல். சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டப் போனபோது என் மேஜை மேல் அந்தக் குடம் இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. முங்கும்போது நெஞ்சு அடைத்துக்கொண்டது, ஒரு பீடி நேரம்கூட என்னால் தண்ணீரில் நிற்க முடியவில்லை.